4ஜேபி1 ஹெட் விரிசல்: புது ஹெட் மாட்டும் முன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

பத்தடி லாரி எழுதியது:

வணக்கம். இசுசு என்எச்ஆர் பத்தடி லாரி, இன்ஜின் 4ஜேபி1, டர்போ இல்லாதது, மெக்கானிக்கல் பம்ப். 2006 நடுவில், யூரோ 4 புகை விதி சிங்கப்பூரில் கட்டாயமாவதற்குச் சில மாதம் முன்பு பதிவான வண்டி. லாரிக்கு இங்கே அனுமதிக்கும் 20 ஆண்டு ஆயுள் முடிய இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. அதுவரை தினமும் துவாஸ் சைட்டுக்கு ஓட வேண்டிய வண்டி.

குளிர்ந்த இன்ஜினைக் காலையில் எடுத்தால் இரண்டே நிமிடத்தில் ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறது. அந்நேரத்தில் தண்ணீர் சூடாகியிருக்கக் கூட வாய்ப்பில்லை. நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குறைகிறது, வெளியே எங்கும் ஒழுகலைக் காணோம். காலையில் முதல் ஒரு நிமிடம் ஒரு சிலிண்டர் அடிக்காமல் வெள்ளைப் புகை தள்ளுகிறது. இரண்டு மூன்று நாள் ஸ்டார்ட்டர் சுற்றும்போது 'டக்' என்று நின்று, மறுபடி சாவி திருப்பினால் சுற்றியது.

கழற்றும் முன் எடுத்த கம்ப்ரஷன் 1 முதல் 4 வரை: 29, 28, 23, 28 கிலோ (சதுர செ.மீ.க்கு).

ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும் வார்ப்பு) கழற்றிப் பார்த்ததில் 2, 3 ஆகிய இரண்டிலும் இன்டேக் சீட்டுக்கும் எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் (வால்வ் உட்காரும் வளையங்கள்) நடுவே விரிசல். 3இல் அது சீட்டுக்குள் ஓடிவிட்டது. ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து நீளவாக்கில் அளந்தால் வளைவு 0.12 மி.மீ. கேஸ்கெட் 3ஆவது சிலிண்டர் ஓரத்தில், தண்ணீர்த் துளை பக்கம் கருகியிருக்கிறது.

மூன்று வழி சொல்கிறார்கள். பழைய ஹெட்டை வெல்ட் செய்து ஃபேஸிங் போடுவது (தளத்தைச் சீவி நேராக்குவது); வால்வோடு வரும் புது சீன ஹெட்; ஹாஃப்கட் இன்ஜினிலிருந்து (பாதியாக வெட்டி விற்கும் பழைய வண்டியின் இன்ஜின்) கழற்றிய பழைய ஒரிஜினல் ஹெட். எது சரி? கேஸ்கெட்டை எந்தத் தடிமனில் எடுப்பது? போல்ட்டையும் மாற்ற வேண்டுமா?

---

வால்வ் கிரைண்டர் எழுதியது:

பழைய ஹெட்டை விட்டுவிடுங்கள் அண்ணே. இரண்டு சீட்டுக்கு நடுவே உள்ள பாலம்தான் ஹெட்டிலேயே அதிகம் சூடாகும் இடம். இரும்பு அங்கே சில மில்லிமீட்டர்தான், அதற்குப் பின்னால் உடனே தண்ணீர். மயிரிழை விரிசல் பாலத்தோடு நின்றுவிட்டால் சில டீசல்களில் பொறுத்துக்கொண்டு ஓட்டுவார்கள். சீட்டுக்குள் போய்விட்டால் அந்தச் சீட் பிடி தளர்ந்துவிடும். ஒரு நாள் கழன்று பிஸ்டன் மேல் விழும்.

வார்ப்பிரும்பை முறையாக வெல்ட் செய்ய வேண்டுமென்றால் முழு ஹெட்டையும் அடுப்பில் வைத்து ஏறத்தாழ 600 டிகிரிக்குச் சூடேற்றி, வெல்ட் முடிந்ததும் மெதுவாக ஆறவிட வேண்டும். சும்மா நிக்கல் ராட் வைத்து ஒட்டினால் வெல்ட்டை ஒட்டிய இரும்பு கண்ணாடி போல் கடினமாகி, பக்கத்திலேயே புது விரிசல் விடும். முறையாகச் செய்தாலும் அதற்குப் பிறகு ஃபேஸிங், புது சீட், கைடு நேர்பார்த்தல் என்று எல்லாம் கூடி, செலவு புது ஹெட்டை நெருங்கிவிடும். இரும்புப் பின் (ஊசி) அடித்துத் தைக்கும் வேலை வெளிச்சுவர் விரிசலுக்கு நன்றாக நிற்கும். வால்வ் பாலத்துக்கு அதை நம்ப மாட்டேன்.

0.12 வளைவு உங்கள் குற்றவாளி இல்லை. இந்த இன்ஜினுக்கு மானுவல் கொடுக்கும் எல்லை 0.20, புது நிலையில் 0.05க்குள் இருக்க வேண்டும். 0.12 ஃபேஸிங்கில் போய்விடும். தண்ணீரை உள்ளே விட்டது விரிசல்தான்.

ஆகவே புது ஹெட். ஆனால் பெட்டியைப் பிரித்து அப்படியே பிளாக் மேல் இறக்காதீர்கள். வால்வ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இந்த வேலைகளைப் பாருங்கள்.

தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் வார்ப்பு மணல் தங்கியிருக்கும். வெந்நீர் அழுத்திப் பாய்ச்சி, ஹெட்டைப் புரட்டிப் புரட்டிக் காற்று அடித்து, வரும் தண்ணீர் தெளிவாகும் வரை கழுவுங்கள். அந்த மணல் ரேடியேட்டருக்கும் வாட்டர் பம்ப் சீலுக்கும் போனால் இரண்டும் கெடும். ராக்கர் ஷாஃப்டுக்கு ஆயில் ஏறும் துளையிலும் காற்று அடித்து மறுபக்கம் வருகிறதா என்று பாருங்கள். அது அடைத்திருந்தால் ராக்கர் புஷ் காய்ந்து தேயும். சத்தம் வரும்போது காலம் கடந்திருக்கும்.

பிறகு மெஷின் ஷாப்பில் பிரஷர் டெஸ்ட். 80 டிகிரி வெந்நீரில் ஹெட்டை முக்கி, 4 பார் காற்று கொடுக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் சூட்டில் மட்டும் திறக்கும் விரிசல் தெரியாது. புது ஹெட்டுக்கு எதற்கு டெஸ்ட் என்று கேட்பார்கள். வார்ப்பில் ஊசித்துளை இருந்தால் வண்டியில் மாட்டிய பிறகுதான் தெரியும், அப்போது கேஸ்கெட், கூலன்ட், கூலி எல்லாம் இரண்டாம் முறை.

வால்வ் இறக்கத்தை அளப்பதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஹெட் தளத்திலிருந்து வால்வ் முகம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதை டெப்த் கேஜில் எட்டு வால்வுக்கும் எடுங்கள். 0.7 மி.மீ. ஒட்டி இருக்க வேண்டும். 1.2க்கு மேல் போனால் அந்தச் சீட்டை ஒதுக்க வேண்டியதுதான். இது நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின். எரியும் குழி பிஸ்டன் தலையில் இருக்கிறது, ஹெட் தட்டை. வால்வ் ஆழமாக உட்கார்ந்தால் அந்த இடம் வீணாகி கம்ப்ரஷன் இறங்கும், காலையில் வெள்ளைப் புகை நிற்காது. மேலே துருத்தினால் பிஸ்டனைத் தட்டும். ஹெட்டை ஃபேஸிங் போட்டால் எவ்வளவு எடுத்தார்களோ அவ்வளவு சீட்டையும் உள்ளே வெட்ட வேண்டும்; அதைச் சொல்லாமல் கொடுத்தால் பல இடங்களில் தளத்தை மட்டும் சீவித் தருவார்கள். புது நிலையில் ஹெட் உயரம் 92 மி.மீ. நீங்கள் வாங்கிய ஹெட்டை நான்கு மூலையிலும் அளந்தால், ஏற்கெனவே சீவியதா, கோணலாகச் சீவியதா என்று தெரிந்துவிடும்.

வால்வை நன்றாக லேப்பிங் செய்து, ஸ்பிரிங் போட்டு, ஹெட்டைப் பக்கவாட்டில் வைத்து போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். எந்த வால்வ் ஓரமும் ஈரமாகக் கூடாது. ஸ்டெம் சீல் பெட்டியில் வந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு நல்ல பிராண்டில் புதிதாகப் போடுங்கள். பின்பக்கத் தண்ணீர் மூடியையும் இப்போதே பாருங்கள். வண்டியில் ஏறிய பிறகு அங்கே கை போகாது.

---

ஜூரோங் டீசல் எழுதியது:

ஹாஃப்கட் ஹெட்டைப் பற்றி மேலே யாரும் சொல்லவில்லை. ஒரிஜினல் வார்ப்பு நல்ல வார்ப்புதான், சீன வார்ப்பைவிட எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை. ஆனால் அந்த இன்ஜின் எத்தனை முறை கொதித்தது என்பது யாருக்கும் தெரியாது. பணம் கொடுக்கும் முன் பிரஷர் டெஸ்ட், காந்தப் பொடி டெஸ்ட் இரண்டும் செய்ய விட்டால் வாங்கலாம். "நல்ல ஹெட், காரண்டி" என்று வாயால் மட்டும் சொன்னால் வேண்டாம். தண்ணீர் மூடிகளைத் தட்டிக் கழற்றி உள்ளே பாருங்கள்: பச்சையோ சிவப்போ கூலன்ட் கறை இருந்தால் பராமரித்த இன்ஜின், செங்கல் பொடி போல் துரு என்றால் குழாய்த் தண்ணீரில் ஓடியது.

எது எதோடு பொருந்தும் என்பதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. 4ஜேபி1 போர் 93, ஸ்ட்ரோக் 102. 4ஜேஏ1க்கும் போர் 93தான், ஸ்ட்ரோக் 92. அதனால் இரண்டுக்கும் ஒரே ஹெட் என்று விற்பார்கள், பெரும்பாலும் உட்காரும். 4ஜேஎச்1, 4ஜேஜி2 இரண்டுக்கும் போர் 95.4. அதோடு 4ஜேஜி2 ஹெட்டில் சுழல் அறை இருக்கிறது, எரியும் முறையே வேறு. "ஜே சீரிஸ் எல்லாம் ஒன்றுதான்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது பழைய கேஸ்கெட்டையும் ஒரு நாசிலையும் ஒரு குளோ பிளக்கையும் பையில் எடுத்துப் போங்கள். கேஸ்கெட்டைப் புது ஹெட் மேல் வைத்து ஒவ்வொரு தண்ணீர்த் துளையும் ஆயில் துளையும் நேராகிறதா என்று பாருங்கள். நாசில் உட்காரும் ஆழம், குளோ பிளக் மரை, தெர்மோஸ்டாட் ஹவுசிங் துளைகள், மேனிஃபோல்ட் ஸ்டட் வரிசை எல்லாம் அங்கேயே சரிபாருங்கள்.

முழு ஹாஃப்கட் இன்ஜினையே போட்டுவிடலாமே என்று யோசித்தால்: இன்ஜின் நம்பர் பிளாக்கில் இருக்கிறது, பிளாக் மாறினால் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி வாங்க வேண்டும். ஹெட் மட்டும் மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை. ஒன்றரை ஆண்டுக்கு ஹெட்டே போதும்.

---

டயல் கேஜ் எழுதியது:

எல்லோரும் ஹெட்டையே பார்க்கிறீர்கள். அவர் எழுதியதில் எனக்குக் கவலை தருவது "டக் என்று நின்றது" என்ற வரிதான்.

இரவு நிறுத்தும்போது சிஸ்டத்தில் அழுத்தம் இருக்கிறது. அது ஆறும் வரை விரிசல் வழியாகத் தண்ணீர் 3ஆவது சிலிண்டருக்குள் சொட்டும். காலையில் அந்தப் பிஸ்டன் கம்ப்ரஷனுக்கு ஏறும்போது தண்ணீர் அமுங்காது. ஸ்டார்ட்டர் நின்றால் தப்பித்தது. பக்கத்து சிலிண்டர் அடித்து, வேகத்தோடு ஏறியிருந்தால் கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளைந்திருக்கும். ராட் வளைந்தால் பிஸ்டன் மேலே வரும் உயரம் குறையும். கேஸ்கெட் தடிமன் தேர்வுக்கும் இதே அளவுதான் வேண்டும், ஒரே வேலையில் இரண்டும் தெரிந்துவிடும்.

பிளாக் தளத்தைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரில் சுத்தம் செய்யுங்கள். சுழலும் சாண்ட் டிஸ்க் வேண்டாம்: தளத்தில் குழி விழும், பொடி ஆயிலுக்குள் போய் பேரிங்கைத் தின்னும். பிஸ்டன் தலைக் கரியையும் எடுங்கள். டயல் கேஜைக் காந்தக் காலில் வைத்துத் தளத்தில் பூஜ்யம் செய்து, பிஸ்டனைக் கையால் மேல் முனைக்குக் கொண்டுவந்து, பிஸ்டன் பின் (ராட்டைப் பிஸ்டனில் மாட்டும் குறுக்குத் தண்டு) ஓடும் கோட்டின் மேல், முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். பக்கவாட்டு ஓரத்தில் அளந்தால் பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லும். நான்கிலும் உயரமான பிஸ்டனை வைத்துத்தான் கேஸ்கெட் எடுக்க வேண்டும்.

தளத்துக்கு மேல் பிஸ்டன் எழும்பல் 0.758 முதல் 0.813 வரை என்றால் 1.60 மி.மீ. கேஸ்கெட். 0.813 முதல் 0.859 வரை 1.65. 0.859 முதல் 0.914 வரை 1.70. இது இறுக்கிய பிறகு உள்ள தடிமன். கடையில் பெரும்பாலும் ஒரே தடிமன்தான் வைத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். மெல்லியது போட்டால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி போதாது. தடியானது போட்டால் கம்ப்ரஷன் குறைந்து புகை கூடும்.

லைனர் (சிலிண்டரின் உள்குழாய்) விளிம்பையும் அதே கேஜில் பாருங்கள். தளத்திலிருந்து 0 முதல் 0.10 வரை எழும்பி நிற்கலாம். பக்கத்துப் பக்கத்து லைனர்களுக்குள் வித்தியாசம் 0.03ஐத் தாண்டக் கூடாது. 3ஆவது லைனர் தாழ்ந்திருந்தால் எந்த ஹெட்டைப் போட்டாலும் அங்கேதான் கேஸ்கெட் மறுபடி கருகும்.

---

பத்தடி லாரி எழுதியது:

நன்றி அண்ணே. அளந்துவிட்டேன். பிஸ்டன் எழும்பல் 1 முதல் 4 வரை: 0.82, 0.83, 0.62, 0.82. லைனர் எல்லாம் 0.04க்கும் 0.06க்கும் நடுவே. பிளாக் தளம் 0.04க்குள்.

3ஆவது ராட் வளைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா? கம்ப்ரஷன் 23க்கு இறங்கியது அதனால்தானா?

---

டயல் கேஜ் எழுதியது:

ராட் வளைந்திருக்கிறது. பக்கத்து மூன்றும் நூலளவு வித்தியாசத்தில் இருக்கும்போது ஒன்று மட்டும் 0.2 கீழே நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆனால் 23 வந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டர் கொள்ளளவு 693 சி.சி. அளவு. இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 18.2, ஆகவே மேல் முனையில் மிஞ்சும் இடம் 40 சி.சி.க்குச் சற்று மேல். 93 மி.மீ. போரில் 0.2 மி.மீ. தாழ்வு என்றால் ஏறத்தாழ 1.4 சி.சி. கூடுகிறது. விகிதம் 18.2லிருந்து 17.6 அல்லது 17.7க்கு வரும். அழுத்தத்தில் ஒரு கிலோ, ஒன்றே கால் கிலோ குறையும். 28 இருந்த இடத்தில் 27 காட்டியிருக்கும். மிச்சம் 4 கிலோ கருகிய கேஸ்கெட் வழியாகவும் விரிசல் சீட் வழியாகவும் போனது. புது ஹெட் போட்டால் அது திரும்பி வந்துவிடும்.

இங்கேதான் ஆபத்து. இந்த ராட்டை அப்படியே விட்டு ஹெட்டை மாட்டினால் கம்ப்ரஷன் 27 காட்டும், வண்டி நன்றாகவே ஓடும், எல்லோரும் திருப்தியாகிவிடுவார்கள். வளைந்த ராட் பிஸ்டனை ஒரு பக்கமாக லைனரில் தேய்த்துக்கொண்டே இருக்கும். பேரிங் ஓரம் மட்டும் பாரம் தாங்கும். ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு போகும்போது அந்த ராட் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். ஹெட் கழன்றிருக்கும்போது செய்தால் கூடுதல் வேலை சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றுவது மட்டும்தான்.

சம்ப்பை இறக்கி 3ஆவது ராட்டின் கேப்பைக் கழற்றி, பிஸ்டனை மேல் வழியாக எடுங்கள். லைனர் மேல் ஓரத்தில் கரி வளையம் இருந்தால் முதலில் அதைச் சுரண்டி எடுங்கள், இல்லாவிட்டால் ரிங் உடையும். ராட்டை அலைன்மென்ட் ஜிக்கில் வைத்துப் பார்க்கட்டும். பிரஸ்ஸில் நிமிர்த்தித் தருகிறேன் என்றால் வேண்டாம். அதே எடைக் குறியுள்ள வேறு ராட் வாங்குங்கள். பழைய பிஸ்டனின் பாவாடையில் மேலே ஒரு பக்கமும் கீழே எதிர்ப் பக்கமும் தேய்ந்து மின்னினால் அதையும் மாற்றுங்கள். அந்த ராட்டுக்குப் புது பேரிங், புது கேப் போல்ட். இந்த இன்ஜினில் குரோம் பூசிய மெல்லிய லைனர் வருகிறது, அதில் ஹோனிங் (கல்லால் தேய்ப்பது) ஓட்டக் கூடாது, பூச்சு போய்விடும். கீறல் இருந்தால் லைனரையே மாற்ற வேண்டியதுதான்.

ராட் மாற்றிய பிறகு எழும்பலை மறுபடி அளந்து பாருங்கள். இப்போது உயரமானது 0.83, அதன்படி 1.65 கேஸ்கெட். புது ராட்டோடு 3ஆவது 0.86க்கு மேல் வந்தால் 1.70 எடுக்க வேண்டும். அதனால் கேஸ்கெட்டை அதற்குப் பிறகே வாங்குங்கள்.

---

கூலன்ட் எழுதியது:

ஹெட் ஏன் வெடித்தது? அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. காரணம் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறது. புது ஹெட்டையும் அது வெடிக்க வைக்கும்.

சைட் லாரி என்கிறீர்கள். சிமெண்ட் தூசி ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே புகுந்து ஈரத்தில் இறுகிவிடும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். ரேடியேட்டரைக் கழற்றி ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள், அழுத்தம் அதிகம் வேண்டாம், ஃபின் மடங்கும். உள்பக்கம் துரு அடைத்திருந்தால் கோர் மாற்றுவதுதான் நல்லது. சூடான இன்ஜினில் வெப்பமானியை ரேடியேட்டர் முகம் முழுதும் காட்டிப் பார்த்தால் அடைத்த குழாய்கள் குளிர்ந்த பட்டையாகத் தெரியும். இது ஹெட் போட்ட பிறகு செய்ய வேண்டிய சோதனை.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஊர் வெயிலுக்கு எதற்கு என்று கழற்றிப் போட்ட வண்டிகள் ஏராளம். அது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் பைபாஸ் வழி எப்போதும் திறந்தே கிடக்கும், ஒரு பகுதி தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். லேசான ஓட்டத்தில் இன்ஜின் குளிர்ந்தே கிடக்கும். பாரம் ஏற்றியதும் திடீரென்று சூடேறும். அந்த ஏற்ற இறக்கமே ஹெட்டுக்கு எமன். 82 டிகிரியில் திறப்பதை வாங்கி, கொதிக்கும் பாத்திரத்தில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள். 0.9 பார் பிடிக்கும் மூடி நல்லபடியாக இருந்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் செத்த மூடியில் 100லேயே கொதிக்கும். கொதித்த இடத்தில் நீராவிக் குமிழ் நிற்கும், இரும்பிலிருந்து சூட்டை எடுக்காது. அது முதலில் நடக்கும் இடம் இரண்டு வால்வுக்கு நடுவே. உங்கள் விரிசல் இருக்கும் அதே இடம்.

இங்கே பனி உறையாது, ஆகவே குழாய்த் தண்ணீர் போதும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கூலன்ட் போடுவது துருவுக்கும், பம்ப் சீலுக்கும், கொதிநிலைக்கும். டிஸ்டில்ட் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஹெட் கழன்றிருக்கும்போதே பிளாக்கின் டிரெயின் பிளக்கைத் திறந்து கழுவுங்கள். பின்பக்கம் 4ஆவது சிலிண்டரைச் சுற்றித்தான் சேறு படியும். பிளக்கைத் திறந்தும் ஒன்றும் வரவில்லையென்றால் கம்பி விட்டுக் குத்துங்கள், துரு அடைத்திருக்கும். வாட்டர் பம்ப், எல்லா ஹோஸ், ஃபேன் பெல்ட் புதிது போடுங்கள். ஃபேன் கிளட்ச்: இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றினால் இறுக்கம் தெரிய வேண்டும். லேசாகச் சுழன்றால் செத்துவிட்டது.

வடித்த பழைய கூலன்ட்டையும் ஆயிலையும் டிரமில் பிடித்து, உரிமம் பெற்ற கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். இங்கே ஓடைத் தண்ணீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது.

---

பத்தடி லாரி எழுதியது:

தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை. கண்டென்சருக்குப் பின்னால் சிமெண்ட் பாளம். எல்லாவற்றையும் மாற்றுகிறேன். ராட் வாங்கியாகிவிட்டது, புது ராட்டோடு 3ஆவது எழும்பல் 0.83. கேஸ்கெட் 1.65 எடுக்கிறேன். இறுக்கும் முறையும் முதல் ஸ்டார்ட்டும் சொல்லுங்கள்.

---

வால்வ் கிரைண்டர் எழுதியது:

நல்ல அளவு. இனி மாட்டும் வேலை.

பிளாக்கில் போல்ட் துளைகளை முதலில் பாருங்கள். அடியில் ஆயிலோ தண்ணீரோ நின்றால் போல்ட் இறங்கும்போது வழியில்லாமல் பிளாக்கையே பிளக்கும். குறைந்தபட்சம் டார்க் ரெஞ்ச் பொய் காட்டும். காற்று அடித்து உலர்த்தி, ஒவ்வொரு துளையிலும் பழைய போல்ட் ஒன்றைக் கையால் அடிவரை சுற்றிப் பாருங்கள். கையால் போகாத துளையின் மரையைச் சுத்தம் செய்யுங்கள்.

போல்ட் புதிது போடுங்கள். கோணத்தில் இறுக்கும் போல்ட் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும். அதோடு இந்த இன்ஜின் ஒரு முறையாவது கொதித்திருக்கிறது. மரையிலும் தலைக்கு அடியிலும் இன்ஜின் ஆயில் லேசாகப் பூசுங்கள். தலைக்கு அடியில் காய்ந்திருந்தால் உராய்விலேயே டார்க் போய்விடும், கேஸ்கெட்டுக்குப் பிடி கிடைக்காது.

இரண்டு தளத்தையும் தின்னர் துணியால் துடைத்து, கேஸ்கெட்டை உலர்ந்தபடி வையுங்கள், குறி மேல்நோக்கி. சீலன்ட் எதுவும் பூச வேண்டாம். ஹெட்டைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு நேராக இறக்குங்கள். கோணலாக உட்கார்ந்து நகர்த்தினால் கேஸ்கெட்டின் வளையம் நசுங்கிவிடும்.

நடுவிலிருந்து இரு பக்கமும் சுழன்று வெளியே போகும் வரிசையில், எல்லாப் போல்ட்டையும் 49 நியூட்டன் மீட்டர், அதாவது 5 கிலோ. பிறகு அதே வரிசையில் ஒவ்வொன்றும் 60 முதல் 75 டிகிரி. பிறகு மறுபடியும் 60 முதல் 75 டிகிரி. போல்ட் தலையில் பெயிண்ட் கோடு போட்டுக்கொண்டால் எதை விட்டோம் என்ற சந்தேகம் வராது. ஒரே இழுப்பில் கோணத்தை முடியுங்கள். இப்படி இறுக்கியதை ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடி இறுக்கக் கூடாது. அது பழைய டார்க் முறைப் பழக்கம்.

புஷ்ராட் ஒவ்வொன்றையும் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்தது தள்ளாடும். டாப்பெட் குழியில் உட்கார்ந்ததா என்று விரலால் அசைத்து உறுதி செய்த பிறகே ராக்கரை இறுக்குங்கள். அட்ஜஸ்ட் ஸ்குரூ எல்லாம் முன்கூட்டியே தளர்த்தி இருக்கட்டும்.

வால்வ் இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.40. அடிக்கும் வரிசை 1-3-4-2. 1ஆவது கம்ப்ரஷன் மேல் முனையில்: 1இன் இரண்டும், 2இன் இன்டேக், 3இன் எக்ஸாஸ்ட். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி: 2இன் எக்ஸாஸ்ட், 3இன் இன்டேக், 4இன் இரண்டும். கேம் பிளாக்கில் இருப்பதால் டைமிங் எதையும் தொட வேண்டியதில்லை, பம்பையும் கழற்ற வேண்டாம்.

நாசில் குழியில் பழைய காப்பர் வாஷர் ஒட்டிக்கொண்டு இருக்கும். உங்களுக்குப் புது ஹெட், அதனால் அந்தக் கவலை இல்லை. ஆனால் பழைய வாஷர் நாசில் முனையோடு வந்திருந்தால் இரண்டாகிவிடும். ஒன்றே ஒன்று, புதிது. இரண்டு இருந்தால் நாசில் உள்வாங்கி, டீசல் பிஸ்டன் குழியில் சரியான இடத்தில் விழாமல் கறுப்புப் புகை வரும். நாசில் நான்கையும் டீசல் பம்ப் கடையில் கொடுத்து தெளிப்பும் திறக்கும் அழுத்தமும் பார்த்துவிடுங்கள். சொட்டும் நாசில் புது வால்வையும் பிஸ்டன் தலையையும் சுட்டுவிடும். பத்து ஆண்டு தாண்டிய லாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு இன்ஸ்பெக்ஷன், புகை எல்லை 40 எச்எஸ்யு (புகையின் அடர்த்தி அளவு). அதில் விழுவது பெரும்பாலும் நாசிலால்.

ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்பதால் ஆயிலும் ஃபில்டரும் புதிது ஊற்றி, 500 கிலோமீட்டரில் மறுபடி மாற்றுங்கள்.

முதல் ஸ்டார்ட்: பம்பின் ஸ்டாப் சோலினாய்டு ஒயரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். ராக்கர் கவரைப் போடும் முன் ராக்கரில் ஆயில் வருவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு ஃபில்டர் மேல் உள்ள கைப் பம்பில் காற்றை எடுத்து, ஒயரை மாட்டி, நாசில் பக்கம் நான்கு பைப் நட்டையும் அரைச் சுற்று தளர்த்தி, டீசல் குமிழில்லாமல் வரும் வரை சுற்றி, இறுக்கி எடுங்கள்.

கூலன்ட் ஊற்றும்போது ஹீட்டர் குழாய் இருந்தால் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள். மூடி போடாமல் ஐட்லிங்கில் விட்டு, மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும் வரை காத்திருங்கள், தெர்மோஸ்டாட் திறந்தது. அப்போது மட்டம் இறங்கும், நிரப்பி மூடுங்கள். தொடர்ந்து குமிழ் வந்தால் நிறுத்திவிடுங்கள். அடுத்த நாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்து, எடுத்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகும் மெத்தென்றே இருந்தால் பாரம் ஏற்றலாம். முதல் ஒரு வாரம் தினமும் காலையில் அதே சோதனை, அதோடு மட்டத்துக்குப் பேனாவில் ஒரு கோடு.

---

டயல் கேஜ் எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எல்லாம் மாட்டிய பிறகு, ஆயிரம் கிலோமீட்டரில் வால்வ் இடைவெளி பார்க்கும்போது கம்ப்ரஷனும் ஒரு முறை எடுத்து எழுதி வையுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று இரண்டு கிலோவுக்குள் இருக்க வேண்டும். 3ஆவது மட்டும் தாழ்ந்தால் ரிங் இன்னும் உட்காரவில்லை. இன்னொரு ஆயிரம் கிலோமீட்டர் கொடுத்து மறுபடி பாருங்கள்.